கயிறு யார் கையில்?

காலாப்பட்டுக்கு எதிரே கடல் அவசரமில்லாமல் இறங்குகிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்குக் கிழக்கே, பெரிய காலாப்பட்டிலிருந்தோ கனகசெட்டிக்குளத்திலிருந்தோ படகை எடுத்துக்கொண்டு சில கிலோமீட்டர் போனாலும் அடியில் மணல்தான். தெற்கே புதுச்சேரி நகருக்கு வெளியே, ஏறத்தாழ 18 மீட்டர் ஆழத்தில், 2013இல் போடத் தொடங்கிய ‘டெம்பிள் ரீஃப்’ என்ற செயற்கைப் பாறைத்திட்டு இருக்கிறது. கான்கிரீட் கட்டைகள், இரும்புக் கம்பிகள், பாறைகள், மரத்தண்டுகள் எல்லாம் சேர்ந்து இன்று மீன்கள் குடியிருக்கும் இடம். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வார இறுதியில் வந்து ஸ்கூபா கற்றுக்கொள்கிறவர்களில் பலர் முதன்முதலில் பார்க்கும் கடலடி அது. உலகமெங்கும் பரவியிருக்கும் ‘ஓப்பன் வாட்டர்’ என்ற தொடக்கநிலை அட்டை அனுமதிக்கும் ஆழமும் 18 மீட்டர். ஆகவே அந்தத் திட்டில் அட்டையின் எல்லையும் கடலின் தரையும் கிட்டத்தட்ட ஒன்றாக அமைந்துவிட்டன. விதியை மீற நினைப்பவர் மணலைத் தோண்டித்தான் மீற வேண்டும்.

இதே வங்கக்கடலின் தெற்கே, இலங்கையின் கிழக்குக் கரையில், தரை இப்படி நம்மைக் காப்பாற்றுவதில்லை. திருகோணமலைக் குடாவிலிருந்தே கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்கிவிடுகிறது. மட்டக்களப்புக்கு வெளியே 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்த ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிறது. 307 பேர் அதில் இறந்தார்கள். அது கிடக்கும் ஆழம் ஐம்பது மீட்டருக்கும் அதிகம். பொழுதுபோக்காகச் சுழியோடுபவர்களுக்குப் பெரும்பாலான அமைப்புகள் தரும் அட்டை 40 மீட்டருக்கு மேல் அனுமதிப்பதில்லை. ஆனால் மேலிருந்து கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கும் ஒருவருக்கு 40 மீட்டரில் எந்தக் கதவும் மூடுவதில்லை. தண்ணீர் தெளிவாக இருக்கும் நாளில் கப்பலின் நிழல் கீழே தெரியத் தொடங்கும். இன்னும் கொஞ்சம்தானே என்று தோன்றும். நிறுத்துவதற்கு அங்கே அவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

இந்த இரண்டு கடல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அட்டையா அனுபவமா என்று ஸ்கூபாக்காரர்கள் ஓயாமல் போடும் சண்டை பாதிதான் பொருளுள்ளது என்று படுகிறது. நீருக்குள் மனிதனுக்கு உள்ள எல்லைகள் ஒரே மாதிரியானவை அல்ல. சில எல்லைகள் உடனே பேசிவிடும். காதில் அழுத்தம் சமன்படாவிட்டால் இரண்டு மூன்று மீட்டரிலேயே வலி குத்தும். நீரோட்டம் பலமாக இருந்தால் கால் சோர்ந்துவிடும். குளிர், பயம், வாந்தி, எதிரே கை நீட்டினால் விரல் தெரியாத கலங்கல் எல்லாம் அந்தந்த நிமிடத்திலேயே தம்மைச் சொல்லிக்கொள்ளும். இவற்றைக் கற்றுக்கொடுக்க அனுபவத்தைவிடச் சிறந்த ஆசிரியர் கிடையாது.

வேறு சில எல்லைகள் வாய் திறப்பதில்லை. அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் கொழுப்பிலும் மூட்டுகளிலும் கரைந்து ஏறுகிறது. ஏறும்போது ஒன்றும் தெரியாது. வேகமாக மேலே வந்தால் குமிழிகளாகி வெளிவரும். அப்போதும் உடனே தெரியாமல் மாலையில் தோள்பட்டை வலியாக வரலாம், வராமலும் போகலாம். பல வருடம் இப்படி இறங்கி ஏறினால் இடுப்பு மூட்டின் எலும்பு உள்ளுக்குள் செத்துப்போவது உண்டு. அது தெரியவரும்போது ஆள் நடக்கச் சிரமப்பட்டுக்கொண்டிருப்பார். இந்த எல்லையை அனுபவத்தால் கற்க முடியாது. அனுபவம் தவறான பாடத்தையே சொல்லும்: நேற்று இப்படித்தானே ஏறினேன், ஒன்றும் ஆகவில்லையே என்று. 1908இல் ஹால்டேன் என்ற உடலியலாளர் பிரிட்டிஷ் கடற்படைக்காக ஆடுகளை அழுத்த அறையில் வைத்துப் பார்த்து அட்டவணை எழுதியது இதனால்தான். எவ்வளவு ஆழத்தில் எத்தனை நிமிடம், எந்த வேகத்தில் ஏற வேண்டும் என்பது காகிதத்திலிருந்து வந்த அறிவு. காகிதத்திலிருந்துதான் வர முடியும்.

இந்தியாவிலும் இலங்கையிலும் நடந்திருப்பது, இந்த இரண்டு அறிவும் இரண்டு தனித்தனி ஆட்களிடம் போய்ச் சேர்ந்திருப்பது. பணம் கொடுத்து வருபவரிடம் காகிதம் இருக்கிறது. பிழைப்புக்கு மூழ்குபவரிடம் அனுபவம் இருக்கிறது. இருவரும் ஒருவரையொருவர் பெரும்பாலும் சந்திப்பதே இல்லை.

முதலில் காகிதம் வைத்திருப்பவரைப் பார்ப்போம். அமெரிக்காவில் 1966இல் தொடங்கிய பாடி (PADI) அமைப்பின் தொடக்கநிலைப் படிப்பில் நீச்சல்குளப் பயிற்சி போக, கடலில் இறங்குவது நான்கு முறை. அடுத்த நிலையான ‘அட்வான்ஸ்ட்’ படிப்புக்கு இன்னும் ஐந்து முறை. அதோடு 30 மீட்டருக்குத் தகுதி வந்துவிடுகிறது. விடுப்பு எடுத்துக்கொண்டு அந்தமானுக்குப் போகும் ஒருவர் ஒரு வாரத்தில் இதை முடித்துவிடலாம். அட்டைக்குக் காலாவதி கிடையாது. பத்து வருடம் கடல் பக்கமே போகாதவர் அதே அட்டையை நீட்டலாம். நல்ல பயிற்சியாளர் கடைசியாக எப்போது இறங்கினீர்கள் என்று கேட்டு, நீச்சல்குளத்திலோ ஆழம் குறைந்த இடத்திலோ ஒருமுறை பார்த்த பிறகுதான் அழைத்துப் போவார். கேட்காதவரும் இருக்கிறார்.

அட்டை சொல்லாமல் விடும் விஷயம் ஒன்றைக் கணக்குப் போட்டே காட்டலாம். வழக்கமான அலுமினிய சிலிண்டர் சுமார் 11 லிட்டர் கொள்ளளவு. 200 பாருக்கு நிரப்பி, 50 பாரைக் கையிருப்பாக விட்டால், பயன்படுத்தக் கிடைப்பது ஏறத்தாழ 1,650 லிட்டர் காற்று. 18 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் 2.8 மடங்கு. நிதானமாக மூச்சுவிடும் ஒருவர் மேலே நிமிடத்துக்கு 15 லிட்டர் இழுப்பார் என்றால் அங்கே 42 லிட்டர். அவருக்கு 40 நிமிடம் காற்று இருக்கும். பதற்றத்தில் 28 லிட்டர் இழுக்கும் புதியவருக்கு 20 நிமிடத்தில் தீர்ந்துவிடும். இருவரின் பையிலும் இருப்பது ஒரே அட்டை. அதில் ஆழம் எழுதியிருக்கிறது, மூச்சு எழுதப்படவில்லை.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதுகில் காற்றைச் சுமந்துகொண்டு சுதந்திரமாக நீந்தும் கருவியை 1943இல் செய்து முடித்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள்: கூஸ்தோவும் காஞானும். சுழியோட்டச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பான சிமாஸ் (CMAS) 1959இல் மொனாக்கோவில் உருவானபோது கூஸ்தோதான் முதல் தலைவர். பிரெஞ்சு முறையில் ஒரே ஆளுக்கு இரண்டு ஆழம் உண்டு. இரண்டாம் நிலையில் இருப்பவர் தன்னைப்போன்ற இன்னொருவரோடு தனித்துப் போனால் 20 மீட்டர் வரை. வழிகாட்டியோடு போனால் 40 மீட்டர் வரை. கூட யார் வருகிறார் என்பதைப் பொறுத்து ஒருவரின் எல்லை மாறும் என்பதை அந்த முறை ஒப்புக்கொள்கிறது. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி தெருப்பெயர்களையும் காவலர் தொப்பியையும் வைத்துக்கொண்டது. ஸ்கூபாவில் மட்டும் இங்கே பெரும்பாலும் கிடைப்பது அமெரிக்க அட்டை.

கூட யார் இருக்கிறார் என்ற கேள்வி நம் கடலுக்குப் புதிதல்ல. மன்னார் வளைகுடாவின் இருபுறமும் முத்துக்குளித்தல் நடந்த காலம் முழுவதும் அந்தத் தொழிலின் அடிப்படையே அதுதான். தூத்துக்குடியின் பரதவர்கள், கீழக்கரையின் முஸ்லிம் குளியாளிகள், வளைகுடா நாடுகளிலிருந்து வந்த அரபிகள் எல்லோரும் இலங்கைப் பக்கத்தில் மரிச்சுக்கட்டி, சிலாபத்துறைக் கடற்கரைகளில் கூடினார்கள். பருவம் திறந்தால் வெறும் மணற்பரப்பு ஒரு நகரமாகும். முடிந்தால் மறுபடி மணற்பரப்பு. ஒரு கல்லுக்கு இரண்டு குளியாளிகள். ஒருவர் கல்லில் காலை வைத்து இறங்க, மற்றவர் மேலே மூச்சு வாங்குவார். ஒவ்வொருவருக்கும் படகில் ஒரு கயிற்றுக்காரர் உண்டு. கீழிருந்து கயிறு அசைந்ததும் அவர்தான் இழுத்து மேலே ஏற்றுவார். சிப்பி கிடந்த ஆழம் பெரும்பாலும் ஐந்திலிருந்து பத்துப் பாகம். இன்றைய ‘ஓப்பன் வாட்டர்’ அட்டையின் ஆழம்தான் ஏறக்குறைய. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் போல அடியில் இருப்பார்கள். கீழே போனவருக்கு மீனும் சிப்பியும் தெரியும், நேரம் தெரியாது. மேலே இருந்தவருக்கு நேரம் மட்டும்தான் தெரியும். அந்த வேலைப்பிரிவினையில் ஒரு புத்தி இருந்தது.

கயிற்றுக்காரரைத் தவிர இன்னும் இரண்டு தடைகள் இருந்தன. சுறாவின் வாயைக் கட்டும் மந்திரம் தெரிந்த கடல்கட்டி வராமல் பலர் கடலில் இறங்க மறுத்தார்கள். ஆங்கிலேய அதிகாரிகளுக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அவர் இல்லாமல் தொழில் நடக்காது என்பதால் அரசுச் செலவிலேயே அவரை வைத்துக்கொண்டார்கள். மந்திரம் சுறாவைத் தடுத்ததோ இல்லையோ, இன்று இறங்கலாமா என்று தினம் கேட்கும் ஒரு கேள்வியையும் அதற்குப் பதில் சொல்ல ஓர் ஆளையும் அது வைத்திருந்தது. இரண்டாவது, நண்பகலில் கேட்கும் வெடி. அது கேட்டால் குளிப்பு முடிந்தது, படகுகள் கரைக்குத் திரும்ப வேண்டும். இன்னும் நாலு முறை இறங்கினால் கூடுதலாக வருமே என்று நினைப்பவரும் திரும்பித்தான் ஆக வேண்டும்.

அந்த அரசாங்கம் எதைச் சோதித்துச் சான்று எழுதியது என்று பார்த்தால் சிரிப்பு வரும். பருவம் அறிவிப்பதற்கு முன் சிப்பி கிடக்கும் முத்துப்பாரிலிருந்து ஆயிரக்கணக்கில் சிப்பிகளை மாதிரியாக எடுத்து, வயது பார்த்து, முத்தை மதிப்பிட்டு, அறிக்கை தயாரித்தார்கள். ஹெர்ட்மன் போன்ற விலங்கியலாளரை இங்கிலாந்திலிருந்து வரவழைத்துத் தொகுதி தொகுதியாக எழுத வைத்தார்கள். குளியாளியின் நெஞ்சையும் காதையும் யாரும் அந்த அளவுக்கு ஆராயவில்லை. பிடித்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு அவருக்கு. அதுவே அவரது சம்பளம், அவரது காப்பீடு.

தூத்துக்குடிப் பக்கத்தில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. சங்கு தொடர்ந்தது. சங்குக் குளியாளிகள் நெடுங்காலம் மூச்சைப் பிடித்தே இறங்கினார்கள். பிறகு கண்ணாடியும் துடுப்புக்காலணியும் வந்தன, காற்றும் வந்தது: முதுகில் சிலிண்டராக, அல்லது படகில் ஏற்றிய கம்ப்ரசரிலிருந்து வாயில் கவ்வும் குழாயாக. மூச்சைப் பிடித்து இறங்கும்போது உடல் தானே ஆளை மேலே அனுப்பிவிடும். அது உடனே பேசும் எல்லை. குழாய் வந்த பிறகு அந்தக் குரல் அடங்கிவிட்டது. மணிக்கணக்கில் அடியில் இருக்கலாம். இருந்தார்கள். மாலையில் முழங்கால் வலித்தால் உழைப்பின் வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டார்கள். சங்கு குளிக்கப் போனவர் மூச்சுத்திணறி இறந்தார் என்ற செய்தி நாளிதழ்களின் தூத்துக்குடிப் பதிப்புகளில் அவ்வப்போது நாலு வரியில் வந்துபோகிறது. இருபது வருட அனுபவம் உள்ளவர் எப்படி என்று அக்கம்பக்கத்தில் வியப்பார்கள். அந்த இருபது வருடமும் பேசாத எல்லையோடு கழித்த வருடங்கள்.

இலங்கையில் இந்தக் கதை இன்னும் பெரிய அளவில் நடக்கிறது, ஏனென்றால் அங்கே கடலட்டையும் சேர்ந்துகொண்டது. இந்தியாவில் 2001இல் கடலட்டையை வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்து பிடிக்கவே கூடாது என்று தடுத்துவிட்டார்கள். இலங்கையில் அது அனுமதிப்பத்திரம் பெற்றுச் செய்யும் தொழில். யாழ்ப்பாணத்தின் குருநகர், மன்னார், கற்பிட்டி, முல்லைத்தீவு என்று பல கரைகளில் சிலிண்டர் கட்டிச் சுழியோடுபவர்கள் இருக்கிறார்கள். கரையோரத்தில் கடலட்டை குறையக் குறைய ஆழமான இடங்களுக்குப் போனார்கள். ஒரு நாளைக்கு ஒரு சிலிண்டர் போதாமல் மூன்று நான்கு சிலிண்டர் மாற்றுவது வழக்கமானது. வடமராட்சி கிழக்கில் 2018இல் வெளியூர்ச் சுழியோடிகள் இரவில் வெளிச்சம் போட்டுக் கடலட்டை பிடிப்பதை எதிர்த்து உள்ளூர் மீனவர்கள் போராடினார்கள். அந்தச் சண்டையில் வளம் யாருக்கு என்பது பேசப்பட்டது. இரவில் கீழே போனவரின் இரத்தத்தில் என்ன நடக்கிறது என்பது பேசப்படவில்லை.

இலங்கைச் சட்டம் இந்த விஷயத்தில் இந்தியாவைவிட ஒரு படி முன்னே இருக்கிறது என்றே சொல்வேன். 1996ஆம் ஆண்டின் மீன்பிடிச் சட்டத்தின் கீழ் சங்குக்கும் கடலட்டைக்கும் சுழியோடுவதற்குப் பத்திரம் வேண்டும். அதாவது அரசின் கணக்கில் அந்த ஆள் ஒரு சுழியோடி. இந்தியாவில் சங்குக் குளியாளி மீனவர் அட்டை வைத்திருக்கிறார். வலை போடுபவரிடம் இருக்கும் அதே அட்டை. அவர் நீருக்கடியில் வேலை செய்கிறார் என்று அந்த அட்டையைப் பார்த்தால் தெரியாது. இலங்கையில் பெயராவது இருக்கிறது. ஆனால் அந்தப் பத்திரத்தின் நோக்கமும் பழைய சிப்பி அறிக்கையின் வழிதான்: வளத்தைக் காப்பது. சங்கின் குறுக்களவு 70 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் எடுக்கக் கூடாது என்று விதி துல்லியமாகப் பேசும். எடுப்பவர் 25 மீட்டரில் எத்தனை நிமிடம் இருக்கலாம் என்பதற்கு அப்படி ஓர் அளவுகோலை யாரும் அவர் கையில் கொடுப்பதில்லை. உடல் செயலிழந்து வரும் சுழியோடிகளைத் திருகோணமலைக் கடற்படைத் தளத்தின் அழுத்த அறைக்குக் கொண்டுபோகிறார்கள். வடக்கிலிருந்து அங்கே போய்ச்சேரும் நேரத்துக்குள் நரம்பு எவ்வளவு கெட்டுப்போயிருக்கும் என்பது அதிர்ஷ்டம்.

இது நம் இரு நாடுகளின் தனிக்குறையும் அல்ல. ஹோண்டுராஸின் மிஸ்கிட்டோ மக்கள் ஏற்றுமதிக்காகச் சிங்கி இறால் பிடிக்க ஒரு நாளைக்குப் பல சிலிண்டர்களை மாற்றி மாற்றி இறங்கி, ஊர் ஊராக இளைஞர்கள் சக்கர நாற்காலிக்கு வந்தார்கள். பல ஆண்டு வழக்குக்குப் பிறகு அரசு தன் பொறுப்பை ஏற்றுக்கொண்ட உடன்பாட்டை அமெரிக்கக் கண்டங்களுக்கான மனித உரிமை நீதிமன்றம் 2021இல் உறுதிசெய்தது. அவர்களை அனுபவமற்றவர்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.

சரி, அட்டையே இல்லாத காலத்தில் அறிவாளிகள் எப்படி இறங்கினார்கள்? அதற்கும் இலங்கைதான் நல்ல உதாரணம். 1956இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவரது நண்பர் மைக் வில்சனும் சிலோனுக்குச் சுழியோட வந்தார்கள். திருகோணமலையில் சுவாமிமலையின் அடிவாரத்தில், போர்த்துக்கீசியர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களையும் கற்களையும் கடலடியில் கண்டார்கள். சைவர்களுக்கு அது வெறும் தொல்லியல் செய்தி அல்ல. வில்சன் எடுத்துவந்த லிங்கம் மறுபடி கோயிலுக்குப் போனது. 1961இல் தென்கிழக்கே கிரேட் பாசஸ் திட்டில் வில்சனும் இரண்டு சிறுவர்களும் சூரத்தில் அச்சடித்த வெள்ளி நாணயங்களைக் கண்டெடுத்தார்கள், ஔரங்கசீப் காலத்து ரூபாய்கள். அந்தத் திட்டில் கடல் இறங்க விடுவது ஆண்டுக்குச் சில வாரங்கள் மட்டுமே. புதையல் இருக்கிறது என்று தெரிந்த பிறகும் முறையான தேடலுக்கு 1963 வரை காத்திருந்தார்கள். இடையில் 1962இல் கிளார்க்கின் உடல் முடங்கியது. தரையில் நடக்கத் தடுமாறியவர், எடை தெரியாத நீருக்குள் தனக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லிப் பிறகும் பல ஆண்டுகள் இறங்கினார். இன்றைய மருத்துவப் படிவத்தில் அவர் உண்மையை எழுதியிருந்தால் எத்தனை மையங்கள் அவரை அழைத்துப் போயிருக்கும் என்பது சந்தேகம்.

அந்தப் படிவத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆஸ்துமா உண்டா, இதய நோய் உண்டா, காதில் அறுவைச் சிகிச்சை நடந்ததா என்று வரிசையாகக் கேட்கும். ஒன்றுக்கு ‘ஆம்’ என்றால் மருத்துவரின் கையெழுத்து வேண்டும். ஞாயிறு காலை ஆறரை மணிக்குப் புதுச்சேரித் துறையில் நிற்பவருக்கு மருத்துவர் எங்கே கிடைப்பார்? மாலை பேருந்துக்குத் திரும்ப வேண்டும், பணம் கட்டியாயிற்று, நண்பர்கள் உடையை மாட்டிக்கொண்டுவிட்டார்கள். பேனா தானாக எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டுக்கொண்டு போகும். தன் எல்லையைத் தானே சொல்ல வேண்டிய ஒரே காகிதத்தில்தான் மக்கள் அதிகம் பொய் சொல்கிறார்கள். இலங்கையின் உனவட்டுனவிலும் நிலாவெளியிலும் விமானத்தைப் பிடிக்க வேண்டிய வெள்ளைக்காரரின் பேனாவும் இதற்கு விலக்கல்ல. நம்மவர்களின் அவசரம் பேருந்துக்கு, அவர்களின் அவசரம் விமானத்துக்கு, அவ்வளவுதான். விமானத்துக்காவது கடைசி முழுக்குக்குப் பின் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும் என்ற வழிகாட்டுதல் ஒன்று இருக்கிறது.

காலாப்பட்டுக் கடலைச் சுழியோடிகளைவிட நன்றாக அறிந்தவர்கள் சுழியோடாத மீனவர்கள். தெற்கிலிருந்து வரும் தெண்டி வெள்ளமா, வடக்கிலிருந்து வரும் வன்னி வெள்ளமா என்று பார்த்து, தண்ணீர் இன்று கலங்குமா தெளியுமா என்று கரையில் நின்றே சொல்வார்கள். துறைமுகம் கட்டிய பிறகு மணலோட்டம் மாறி, பிள்ளைச்சாவடியிலும் சின்ன காலாப்பட்டிலும் வீடுகள் கடலுக்குப் போன கதையை அறிந்தவர்களுக்கு, கடலின் குணம் பத்து வருடத்தில் எப்படித் திரும்பும் என்பதும் தெரியும். “தம்பி, இன்னைக்குப் போனா உனுக்கு ஒண்ணும் தெரியாது. மண்ணுதான் தெரியும். துட்டு தண்டம்” என்று பெரியவர் ஒருவர் சொன்னால், அதற்கு மேல் கணினி முன்னறிவிப்பைப் பார்ப்பது வீண் வேலை. திருகோணமலையில் படகுக்காரர்கள் இதையே வேறு மரியாதையோடு சொல்வார்கள்: “ஐயா, இண்டைக்கு நீரோட்டம் சரியில்லை. நாளைக்குப் பாப்பம்.” இரண்டு இடத்திலும் இது உடனே பேசும் எல்லைகளைப் பற்றிய அறிவு. அந்தமானின் தெளிந்த நீரில் அட்டை வாங்கியவருக்கு இது கிடையாது. அங்கே 20 மீட்டர் தூரத்திலிருக்கும் துணையைப் பார்த்துப் பழகியவர், இங்கே கைநீட்டும் தூரத்தில் துணையைத் தொலைத்துவிட்டுப் பதறுவார். மறுபக்கமும் உண்டு: கலங்கலில் பழகிய புதுச்சேரி மாணவர், மட்டக்களப்பின் தெளிவில் ஆழம் தெரியாமல் இறங்கிவிடுவார். கீழே எல்லாம் பக்கத்தில் இருப்பதுபோலவே தோன்றும்.

இலங்கையில் ஒரு விஷயம் எனக்குப் பிடித்திருக்கிறது. அங்கே இரண்டு உலகங்களுக்கும் நடுவே சிறிய பாலமாவது இருக்கிறது. அலங்கார மீன் பிடிக்க மூழ்கியவர்கள் சிலர் சுற்றுலாச் சுழியோட்டத்தில் வழிகாட்டிகளானார்கள். அட்டைக்காகப் படித்தபோது அட்டவணையையும் படித்தார்கள். உடல் ஏற்கெனவே அறிந்த கடலுக்கு மேல் காகித அறிவு வந்து உட்கார்ந்தது. தமிழ்நாட்டுப் பக்கத்தில் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. சுற்றுலாச் சுழியோட்டம் அங்கே இல்லை. பவளத்தைக் கணக்கெடுக்க இறங்கும் தூத்துக்குடி ஆராய்ச்சியாளர்களிடம் பயிற்சியும் கருவியும் உண்டு. அதே நீரில் சில மைல் தள்ளிச் சங்குக்கு இறங்குபவரிடம் குழாய் மட்டும் உண்டு. புதுச்சேரியின் பயிற்சி மையங்களுக்கும் சங்குக் குளியாளிகள் வாழும் தூத்துக்குடி திரேஸ்புரத்துக்கும் நடுவே ஒரு ராத்திரிப் பேருந்துப் பயணம்தான். ஆனால் படிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில், கட்டணம் முப்பதாயிரம் ரூபாயை ஒட்டி. யாரும் அந்தப் பேருந்தில் ஏறவில்லை.

அட்டையே இல்லாமல் எல்லை வகுத்துக்கொண்டவர்களும் நம்மிடம் இருக்கிறார்கள். பாம்பன் பக்கத்தில் கடல்பாசி எடுக்க மூழ்கும் பெண்கள், மாதத்துக்கு 12 நாள் மட்டும் கடலுக்குப் போவது என்று தங்களுக்குள் கூடி முடிவு செய்தார்கள். சின்னப்பாலத்தின் லட்சுமி மூர்த்தி அந்தக் கூட்டமைப்பை முன்னின்று நடத்தியதற்காக 2015இல் சீகாலஜி பரிசு பெற்றார். பாசி மறுபடி வளர வேண்டும் என்பதே முதல் காரணம். ஆனால் பதின்மூன்றாம் நாள் யாரும் போகவில்லை என்பதால், நானும் போகாவிட்டால் நஷ்டமாகுமே என்ற பயம் யாருக்கும் வரவில்லை. ஒருவர் தனியாக வகுத்துக்கொள்ளும் எல்லை, பக்கத்துப் படகு நிறையச் சங்கோடு வருவதைப் பார்த்ததும் உடைந்துவிடும்.

சங்குக் குளியாளிகளுக்கும் கடலட்டைச் சுழியோடிகளுக்கும் முழுப் படிப்பும் தேவையில்லை என்று நினைக்கிறேன். முகமூடியில் தண்ணீர் புகுந்தால் என்ன செய்வது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போனால் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவர்களுக்கு வேண்டியது பேசாத எல்லையைப் பற்றிய ஒரு நாள் பாடம், தமிழில்: பாடி அட்டவணையின்படி ஒரு நாளின் முதல் முழுக்கில் 18 மீட்டரில் 56 நிமிடம், 30 மீட்டரில் 20 நிமிடம், இரண்டாவது முறை இறங்கும்போது முதல் முறையின் நைட்ரஜனையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும், மேலே வரும்போது மூச்சை அடக்கக் கூடாது, மூட்டு வலித்தால் மறுபடி கீழே போய்ச் சரிசெய்ய முயலக் கூடாது. இதை மணிக்கட்டில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர் தானே கணக்கிட்டுக் காட்டும். ஆனால் கீழே சங்கு நிறையக் கிடக்கும்போது மணிக்கட்டைப் பார்ப்பவர் குறைவு; பார்த்தாலும் இன்னும் ஐந்து நிமிடம் என்பார். அதனால் அந்தக் கடிகாரத்தை மேலே இருப்பவர் கையில்தான் முதலில் கொடுக்க வேண்டும். கம்ப்ரசருக்குப் பக்கத்தில் குழாயைப் பிடித்துக்கொண்டு ஒருவர் எப்படியும் உட்கார்ந்திருக்கிறார். நேரம் ஆனதும் இழுக்கலாம் என்ற அதிகாரத்தை மட்டும்தான் அவருக்கு இன்னும் யாரும் கொடுக்கவில்லை. எடுத்த சங்கில் அவருக்கும் பங்கு என்று இருக்கும்வரை இழுக்க அவருக்கும் மனம் வராது. சங்கு எவ்வளவு வந்தாலும் மாறாத நாள்கூலியாக அவருக்குக் கொடுத்துப் பார்க்கலாம்.